நடுவில் ஒருவரை எடுத்தால்

எங்கள் அலுவலகத்தில் கோபப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் மேடம் ஒருவர்தான். நாங்களும் கோபப்பட்டோம், ஆனால் இலவசமாக. அதனால் அதற்கு மரியாதை இல்லை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. டெஸ்டர் என்பார்கள். நான் தப்புச் செய்கிற பிரிவில் இருந்தேன். நான் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை ஏது என்று ஒருமுறை கேட்டேன். "நிம்மதியா வேற வேலை பார்ப்பேன் சார்" என்றார்.

பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சந்து. அதில் நான்காவது மாடி எங்களுடையது. லிஃப்ட் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் மனிதன் தன் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடலாம். நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்படி ஒன்றும் இல்லை. அவர் அந்த லிஃப்டுக்காக நின்று நான் கண்டதில்லை. ஐம்பதை நெருங்கிய முட்டிகளோடு படியேறிப் போய்விடுவார். நாங்கள் லிஃப்டில் மேலே வந்து சேரும்போது எங்கள் பெயர்களில் இரண்டு மூன்று தப்புகள் பதிவாகியிருக்கும்.

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர். அவருடைய தமிழுக்குள் நக்கோவும், கைக்குவும், ஹவ்வும் சொந்த வீடு போலப் புழங்கும். வேண்டாம், ஏன், ஆமாம் என்ற மூன்றையும் தக்கனி உருதுவில் வைத்துக்கொண்டார். அதிகம் தேவைப்படும் சொற்கள் சின்னதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அவற்றில் ஹவ் மிக அபூர்வம்.

கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். அதுவரை 'சார்' ஆக இருந்த நான் அந்தக் கணத்தில் 'ஐயா' ஆகிவிடுவேன். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

முதல் முறை கண்ணாடி கழன்றது ஒரு படிவத்துக்காக. தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்காகத் தங்கள் குடும்ப விவரங்களைக் கணினியிலேயே நிரப்பும் படிவம். நான் எழுதியது. பளபளவென்று இருந்தது. ஒருவரை நிரப்பியதும் 'இன்னொருவரைச் சேர்' என்று பச்சைப் பொத்தான் வரும். அந்தப் பச்சைக்காக மட்டும் இரண்டு நாள் உழைத்திருந்தேன்.

"எத்தனை பேரைப் போட்டுப் பார்த்தீங்க சார்?"

"ஒருத்தர்."

"பேரு?"

"ஏஏஏ."

"உறவு?"

"மனைவி."

"வயசு?"

"ஒண்ணு."

"ஒரு வயசுல கல்யாணம். பொண்ணு பேரு ஏஏஏ." கண்ணாடி மேசைக்குப் போனது. "வீட்டுல நாலு பேரு இருக்கறவங்க, கைக்கு, உங்க படிவத்துக்கு வரணும் ஐயா?"

பிறகு அவர் உட்கார்ந்து கோதண்டம் என்கிற ஒருவரைப் படைத்தார். மனைவி சரோஜா. அம்மா. ஒரே பிறந்தநாளில் இரண்டு பெண்கள். தத்தெடுத்த பையன். எல்லாம் நிரப்பி, சேமித்து, ஜன்னலை மூடி, திரும்பத் திறந்தார். கோதண்டத்தின் குடும்பத்தில் தத்துப் பையன் மட்டும் இருந்தான்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும், நிரப்புகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயர் உண்டு. ஒரே மாதிரிக் கட்டங்கள் பல இருந்தால் அந்தப் பெயர் விலாசம் போல அடுக்கடுக்காக வரும்: குடும்பம், அதற்குள் இரண்டாவது ஆள், அதற்குள் பெயர். சேமிக்கிறபோது விலாசத்தை முழுசாகப் படித்து, ஆளாளுக்குத் தனித்தனி அறையில் போட வேண்டும். நான் கடைசிச் சொல்லை மட்டும் படித்தேன். எல்லோருடைய பெயரும் 'பெயர்' என்ற ஒரே அறைக்குப் போனது. பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரை வெளியே தள்ளினார். கடைசியாக வந்தவர் வீட்டுக்காரர் ஆனார். என் மனைவி ஏஏஏ தனிக்கட்டையாக வந்ததால் இந்த ரகசியம் வெளியே வரவில்லை.

சரிசெய்தேன். மூடித் திறந்ததும், "இப்ப சத்தமா படிங்க" என்றார்.

"தெரியுதே மேடம். எல்லாரும் இருக்காங்க."

"கண்ணு விட்டுப்போனதைத் தானே போட்டுக்கும் சார். வாய் போடாது. சத்தமா படிங்க."

இதுதான் அவர். சேமித்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நம்பியதே இல்லை. மூட வேண்டும், திறக்க வேண்டும், சத்தமாகப் படிக்க வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு போலக் கோதண்டம் குடும்பத்தை நான் வாசித்தேன். அன்றிலிருந்து தினமும். அந்தக் குடும்பம் அலுவலகம் முழுக்கப் பழகிவிட்டது. வாசல் செக்யூரிட்டிகூட என்னைப் பார்த்தால், "கோதண்டம்காரு பாகுன்னாரா சார்?" என்று நலம் விசாரிப்பார். என் நலத்தை அவர் விசாரித்ததாக நினைவில்லை.

அவருக்குக் கோபம் வர ஒரே காரணம்தான்: யாராவது விட்டுப்போவது. கம்பெனியின் இணையதளத்தில் போட எல்லோரையும் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்தவர், எங்களுக்குத் தேநீர் கொடுக்கிற அம்மா. படத்தைப் பார்த்ததும் மேடம், "எடுத்தவங்க எங்க?" என்றார். மறுபடி நின்றோம். இந்த முறை செக்யூரிட்டி எடுத்தார். "செக்யூரிட்டி எங்க?" ஏப்ரல் வெயில். கடைசியில் தெருவில் போன ஒருவரை நிறுத்தி எடுக்கச் சொன்னோம். அவரும் படத்தில் இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான்தான். "அவர் நம்ம ஆபீஸா? யாரு எண்ணிக்கையில வரணுமோ அவங்க வரணும். எனக்குக் கணக்குத் தெரியும் ஐயா" என்றார்.

இப்படி ஒருவர் இருந்தால் பின்னால் ஒரு கதை இருக்கும் என்று புத்தகம் படித்துக் கெட்டுப்போன மனம் தேடும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மிகுந்த நாசூக்கோடு, சின்ன வயதில் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது, திருவிழாவில் தொலைந்தது மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். டிபன் டப்பாவை மூடினார்.

"எல்லாத்துக்கும் ஒரு சோகக் கதை வேணுமா உங்களுக்கு? ஒருத்தரு விட்டுப்போனா கோபம் வரணும். வரலைன்னாதான் சார் காரணம் கேக்கணும். கைக்கு உங்களுக்கு வரலை?"

பதிலுக்கு என் டப்பாவுக்குள் பார்த்தேன். தயிர்சாதம்தான் இருந்தது.

அடுத்த வருடம் அதே படிவத்தில் ஒரு வசதி சேர்த்தோம். போன வருடம் கொடுத்த குடும்ப விவரம் தானாகவே வந்து நிற்கும். மாற்றம் இருந்தால் மாற்றி, சேமித்தால் போதும். வேண்டாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதை அழுத்தினால் அந்த வரி போய்விடும்.

அவர் கோதண்டத்தின் அம்மாவை எடுத்தார். சேமித்தார், மூடினார், திறந்தார். சரோஜா மட்டும் இருந்தாள். அம்மாவுக்குக் கீழே இருந்த மூன்று பிள்ளைகளும் இல்லை.

இது வேறு தப்பு, ஆனால் அதே வம்சம். வரிகளுக்குச் சுழி, ஒன்று, இரண்டு என்று எண் இருக்கும். நடுவில் ஒன்றை எடுத்தால் அந்த எண் இல்லாமல் மற்றவை வரும். என் புரோகிராம் சுழியைப் படித்தது, ஒன்றைத் தேடியது, காணவில்லை, வரிசை முடிந்துவிட்டது என்று கிளம்பிவிட்டது. பந்தியில் இரண்டாவது இலையில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, வாளியோடு திரும்பிப் போகிற பரிமாறுகிறவனைப் போல. மீதி இலைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பைப் பதிவு செய்தார். மறுநாள் படிவம் வெளியே போக வேண்டும். எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார். "இது பெருசாங்க?" என்று என்னிடம் கேட்டார். பெரிதில்லை என்றேன். அரை நாள் வேலை. அந்த அரை நாள் எனக்கு அலுப்பாக இருந்தது. "நடுவுல இருக்கற ஆளை யாருங்க எடுக்கப் போறாங்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேடம் போட்ட பதிவின் கீழே, 'நடைமுறையில் வராது' என்று இரண்டு சொற்கள் எழுதி, நானே அதை மூடினேன். மறுநாள் அவர் விடுப்பு. திரும்பி வந்து பார்த்தபோது படிவம் வெளியே போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், கவிழ்த்தார். என்னை 'ஐயா' என்றுகூடக் கூப்பிடவில்லை. அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. லேத் இயக்குகிற ஒருவருடைய பெண், பதினொரு வயது. சிறுநீரகத்துக்குக் கீழே குழாயில் அடைப்பு. அந்த வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்தால் காப்பீட்டுப் பட்டியலில் அவர் மனைவியின் பெயர் மட்டும் இருக்கிறது. பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. பெயர் சேர்க்கும் காலமும் முடிந்துவிட்டது.

போன வருடப் பட்டியலில் அவர் குடும்பம் நான்கு வரி. மனைவி, அம்மா, பெண், பையன். மழைக்காலத்தில் அம்மா இறந்துபோயிருந்தார். அந்த வரியில் இருந்த பெருக்கல் குறியை அவர் அழுத்தியிருந்தார்.

மேலாளர் கூட்டம் போட்டார். "சேவ் பண்றதுக்கு முன்னாடி அவங்க செக் பண்ணியிருக்கணுமுங்க. யூசர் சைடு மிஸ்டேக்னு ஒரு மெயில் போட்டுரலாமுங்க."

"நக்கோ" என்றார் அவர்.

"மேடம், அது வந்துங்க—"

"என்ன வந்துச்சோ, அது இருக்கு. திறங்க."

படிவத்தில் வருவதைப் பிரித்து அறைகளில் போடுவதற்கு முன்னால், வந்ததை வந்தபடி ஒரு பிரதி வைக்கச் சொல்லி ஒரு வருடம் என்னோடு சண்டை போட்டிருந்தார். அந்த நச்சரிப்புத் தாங்காமல் வைத்திருந்தேன். திறந்தோம். குடும்பம், சுழி, மனைவி. குடும்பம், இரண்டு, பெண். குடும்பம், மூன்று, பையன். எல்லாம் வந்திருந்தது. அந்த மனிதர் ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தார். வாளியோடு திரும்பிப் போனவன் நான்.

மேடம் அதோடு விடவில்லை. அந்தத் தொழிற்சாலையின் எல்லாப் பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எண் விட்டுப்போனவற்றைத் தேடினார். பதினொரு குடும்பங்கள். சிலவற்றில் சாவு. இரண்டில் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போயிருந்தது. ஒன்றில் மனைவி பிரிந்து போயிருந்தார். பதினொரு வீட்டிலும் நடுவில் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருந்தார், அவருக்குக் கீழே இருந்தவர்களை நாங்கள் எடுத்திருந்தோம்.

பிறகு என் பதிவைத் திரையில் கொண்டுவந்து, என்னைப் பார்த்து, "சத்தமா படிங்க" என்றார்.

"நடைமுறையில் வராது" என்று படித்தேன்.

"சாவு நடைமுறையில வராதா ஐயா? உங்க வீட்டுல எப்படி?"

எனக்குக் கோபம் வந்தது. முதலில் மேலாளர் மேல், பிறகு அந்தப் பெருக்கல் குறி மேல், பிறகு, வெட்கமாக இருக்கிறது, வரிசையில் இரண்டாவதாக நின்ற அந்த இறந்துபோன அம்மாள் மேல்கூட. என் மேல் வருவதற்கு நேரமாயிற்று. வந்த பிறகு போகவில்லை.

தப்பு எங்கள் புரோகிராமுடையது என்று கடிதம் எழுத வேண்டும், பிரதிகளை இணைக்க வேண்டும், பதினொரு குடும்பத்தையும் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்றார் அவர். "அப்படி எழுதிக் குடுத்தா நம்ம வேலைக்கே ஆபத்துங்க மேடம்" என்றார் மேலாளர்.

"ஹவ்" என்றார் மேடம்.

வருடக்கணக்கில் நான் காத்திருந்த ஹவ் அதுதான். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தொழிற்சாலையின் தொழிலாளர் நல அதிகாரியும் அதில் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஆட்டோ பிடித்து நாச்சாரம் போனோம். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த அப்பாவை இயந்திரக் கூடத்து வாசலுக்கு வரச் சொன்னார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைவிட இளையவர். வந்ததும் வராததுமாகக் கும்பிட்டு, "தப்பு நாதே சார்" என்றார். தப்பு என்னுடையதுதான் என்று.

அம்மாவின் பெயரை எடுத்திருக்கக் கூடாது என்று தெலுங்கில் சொன்னார். எடுக்காமல் விட்டிருந்தால் பிள்ளைகள் பெயர் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்கு சரி, அதுதான் கொடுமை. போகிறவள் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று வீட்டில் யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து சுவரில் மாட்டிய அம்மா படத்தைப் பார்க்க முடியவில்லை என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"சொல்லுங்க."

என் தெலுங்கு, ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசுவதற்காக மட்டும் கற்றது. மன்னிப்புக் கேட்க அதில் சொற்கள் இல்லை. "காதண்டி. தப்பு நாதி" என்றேன். இல்லைங்க, தப்பு என்னுடையது.

"சத்தமா."

"தப்பு நாதி!"

லேத் இயந்திரங்களில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். "மரி மா அம்மா?" என்று மட்டும் கேட்டார். அப்படியானால் எங்கள் அம்மா? அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று மேடம்தான் தெலுங்கில் சொன்னார், இரண்டு தடவை. அந்த மனிதர் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய் அப்பியது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் மேடம் சொன்னார்: "ஒரு பொம்பளை செத்துப்போனதுக்கு அப்புறமும் உங்க வேலைக்கு அவ திட்டு வாங்கிட்டு இருந்திருக்கா. அரை நாள் அலுப்புக்கு." பதில் சொன்னால் என் மேல் எனக்கிருந்த கோபம் குறைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் அலுவலகம் கச்சிபௌலிக்குக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. அவர் மாறவில்லை, வேலையை விட்டுவிட்டார். எங்கே இருக்கிறாரோ. கோதண்டம் குடும்பம் என்னோடுதான் இருக்கிறது. என் அப்பா போன பிறகு என் வீட்டுப் படிவத்தில் இரண்டாவது வரியை எடுத்தேன். சேமித்து, மூடி, திறந்து, சத்தமாகப் படித்தேன். என்ன பிரார்த்தனை என்று அடுத்த அறையிலிருந்து என் மனைவி கேட்டாள். அவள் பெயர் ஏஏஏ இல்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஆஸ்பத்திரிதான். கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் பதினொரு குடும்பத்தையும் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. மேலாளர், "முடிஞ்சுதுங்களே" என்றார். மேடம் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், காப்பீட்டு கவுன்ட்டருக்கு எதிரே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பக்கத்தில் அவள் அப்பா, இறுக்கமாக, பரீட்சை முடிவுக்கு வந்தவர் போல. கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று தலையாட்டினார்.

"கட்டிகா சதவண்டி" என்றார் மேடம். சத்தமாகப் படியுங்கள்.

"மேடம், உந்தி மேடம்." இருக்கிறது என்றார்.

"சதவண்டி."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். மேடத்தை நான் அறிவேன், படித்துவிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தேன். பெருமூச்சு விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். முதலில் மனைவியின் பெயர். ஒரு நொடி இடைவெளி. திரையில் அடுத்த வரிக்குப் போக அவர் எடுத்துக்கொண்ட நொடி அது. அடுத்து அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தார்.

பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நேனே" என்றாள். நான்தான். வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல.

பிறகு பையன் பெயரும் வந்தது. அப்பா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சிரிப்பாவது இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோபம் அப்படியே இருந்தது.

"ஒண்ணு ஆச்சு" என்றார். "சேத்துட்டோம்னு அவங்க சொல்றாங்க. நாம இன்னும் திறந்து பார்க்கலை. இன்னும் பத்து வீடு இருக்கு."

நான் பழக்கதோஷத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

"நக்கோ ஐயா. நடங்க."